பக்கீரும் பக்ரும்

1974ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பக்ருத்தீன் அலி அகமது அவர்கள் இந்தியக் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். விடுமுறை கழிந்து பாடசாலைகள் மீண்டும் தொடங்கிய வாரத்தில், கொழும்பிலுள்ள ஒரு பாடசாலையில் மேல்வகுப்பு மாணவருக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த நான், அந்தப் பெயரைப் பாடத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டேன். காரணப் பெயர் இன்னது, இடுகுறிப் பெயர் இன்னது என விளக்குவது என் நோக்கம். "தீன் என்றால் மார்க்கம். பக்ர் என்பது நம்மவர் வாயில் பக்கீர் என்றும் பக்கிரி என்றும் வழங்குவது. ஏழை என்று பொருள். ஆகவே மார்க்கத்தின் ஏழைத் தொண்டன் என்பதே இப்பெயரின் பொருள்" என்று கூறினேன். ஒரு பெருநாட்டின் தலைவருக்கு ஏழை என்னும் பெயர் வாய்த்திருப்பதன் நயத்தையும் சிறிது நேரம் எடுத்துரைத்தேன்.

பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "இல்லை சேர், அது வேறு பக்ர்" என்றான். சொன்னதோடு நில்லாமல், தொண்டையைச் செருமுவது போன்ற ஓர் ஒலியையும் எழுப்பிக் காட்டினான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இன்று எழுதும்போது கை கூசுகிறது. "தெரியும் என்ற பெருமையை வீட்டில் வைத்துக்கொள். இரு" என்றேன். அவன் இருந்துவிட்டான். பாடம் முடியும்வரை தலை நிமிரவில்லை.

அக்காலத்தில் நான் பம்பலப்பிட்டியில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மறுநாள் மாலை அந்த அறைவாசலில் முதியவர் ஒருவர் வந்து நின்றார். வெண்சாரமும் கோட்டும் துருக்கித் தொப்பியும் அணிந்து, கையில் குடை வைத்திருந்தார். அந்த மாணவனின் பாட்டனார் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.

"மாஸ்டர், நான் முறைப்பாடு சொல்ல வரவில்லை. 'சேர் சொன்னது பிழையா அப்பா?' என்று பேரன் கேட்டான். பிழை என்று சொன்னால் ஆசிரியருக்கு மரியாதை இல்லை. சரி என்று சொன்னால் சொல்லுக்கு மரியாதை இல்லை. ஆகையால் உங்களிடமே வந்துவிட்டேன்."

அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. "வாருங்கள் ஹாஜியார், கடற்கரைப் பக்கம் போவோம்" என்று அழைத்துச் சென்றேன். புகையிரதப் பாதையைக் கடந்தால் கடல். பாறைகளுக்கு நடுவே கிடந்த சிறு மணற்பரப்பில் அவர் குடையின் நுனியால் இரண்டு சொற்களை எழுதினார். இளமையில் மதரஸாவில் ஓதிப் பின்னர் வியாபாரத்தில் இறங்கியவர் அவர். ஆனாலும் எழுத்தின் அழகு குறையவில்லை. இரு சொற்களிலும் முதலெழுத்து ஒன்று, ஈற்றெழுத்து ஒன்று. நடுவெழுத்து மாத்திரம் வேறு. ஒன்றில் 'கா' என்னும் எழுத்து; அண்ணத்தின் பின்புறத்தில் மூச்சு உராய்ந்து வருவது; மாணவன் செருமிக் காட்டியது அதுவே. மற்றதில் 'காப்' என்னும் எழுத்து. உள்நாக்கருகே அடைத்து வெடித்து வருவது. முன்னது நடுவில் நின்றால் பெருமை. பின்னது நடுவில் நின்றால் வறுமை. குடியரசுத் தலைவரின் பெயரில் இருப்பது முன்னது. மார்க்கத்தின் பெருமிதம் என்பதே அப்பெயர். நான் அதை நேர் எதிராகக் கூறிவிட்டிருந்தேன்.

அரபு மொழியின் அமைப்பைச் சிறிது கூறினாலன்றி இதன் சுவை விளங்காது. தமிழில் பகுதி முன்னே நிற்க, விகுதிகள் பின்னே வந்து ஒட்டும். அரபிலோ பெரும்பான்மையான சொற்களுக்கு வேர் மூன்று மெய்கள். அவை எலும்புகள் போல அசையாதிருக்க, உயிரொலிகளும் சில துணை மெய்களும் இடையிலும் புறத்திலும் புகுந்து சொல்லுக்குச் சொல் உருவத்தை மாற்றுகின்றன. ஆதலால் அரபு அகராதியைப் புரட்டுபவன் ஒரு சொல்லைத் தேடிப் போனால் குடும்பம் முழுவதையும் கண்டுவிட்டுத்தான் திரும்புவான். யார் யாருக்கு உறவு என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். செருக்கு, தற்புகழ்ச்சி, உயர்வு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை இவ்வாறு குடும்பத்தோடு வைத்துப் பார்க்கும்போது, அம்மொழி பேசியோர் மனிதனை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது புலனாகிறது.

நான் தவறவிட்ட இரண்டு வேர்களையே முதலில் கூறுவேன். வறுமையைக் குறிக்கும் வேரிலிருந்து முதுகெலும்புக் கணுவுக்கும் பெயர் பிறக்கிறது. முதுகெலும்பு முறிந்தவன் போன்றவன் ஆதலால் ஏழைக்குப் பக்கீர் எனப் பெயர் வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் பொருத்திக் காட்டுவர். அலியாரின் வாளுக்கு வழங்கும் சுல்பிகார் என்ற பெயரிலும் இந்தக் கணுதான் இருக்கிறது. இதைக் கூறும்போது ஹாஜியார் நகைத்தார். அந்த ஆண்டில் பாகிஸ்தானின் பிரதமர் சுல்பிகார் அலி பூட்டோ. இந்தியாவின் குடியரசுத் தலைவர் பக்ருத்தீன் அலி அகமது. ஒருவர் பெயரில் ஏழையின் வேர், மற்றவர் பெயரில் பெருமையின் வேர். நடுவே இருவருக்கும் பொதுவாக, உயர்ந்தோன் என்னும் பொருளையுடைய அலி. "பேப்பரில் இரண்டு பெயரையும் ஒரே பக்கத்தில் போடுகிறார்கள் மாஸ்டர், யார் கவனிக்கிறார்கள்?" என்றார்.

பெருமையின் வேரோ இன்னும் சுவையுடையது. அதிலிருந்து வரும் ஒரு சொல் சுட்ட மட்பாண்டத்துக்குப் பெயர். மனிதன் மட்பாண்டத்தை ஒத்த களிமண்ணிலிருந்து படைக்கப்பட்டான் என்று குர்ஆனின் 55ஆம் அத்தியாயம் கூறுமிடத்தில் வருவது இச்சொல்லே. பெருமையடிப்பதற்கும் பானைக்கும் என்ன உறவு? குர்ஆனின் சொற்களுக்குப் பேரகராதி செய்த ராகிப் அல் இஸ்பஹானி, பானையைத் தட்டினால் ஓசை எழுகிறதன்றோ, தன்னைப் பற்றி ஓயாது முழங்குபவனை அது ஒத்திருக்கிறது என்று விளக்கம் கூறினார். குறைகுடம் கூத்தாடும் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது அயலார் வீட்டுச் செய்தியாகப் படவில்லை. ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும்: மட்பாண்டச் சொல் அரமேய மொழி வழியாக, அதற்கும் முன்னே அக்காடிய மொழியிலிருந்து வந்த இரவற்சொல் என்பதே இக்கால ஆய்வாளர் கொள்கை. உறவு இரத்த உறவன்று. ஊரார் கட்டிய உறவு. ஆனால் ஊரார் ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதும் ஒரு வரலாறுதானே?

இந்தப் பக்ர் எப்போதும் இழிசொல் அன்று. இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதையில் அது ஒரு தனித்துறை. புலவன் தன் குலத்தின் வீரத்தையும் கொடையையும் பாடிப் பெருமை கொள்வான். மாற்றுக் குலத்தான் எதிர்ப்பாட்டுப் பாடுவான். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதத்துக்கு நிலைக்களன் கூறும் இடத்தை ஆசிரியர்கள் இவ்விடத்தில் நினைவுகூரலாம். கல்வி, தறுகண், புகழ், கொடை என நான்கினை அவர் கூறினார். வீரமும் கொடையும் இருவருக்கும் பொது. அரபுப் புலவன் குலத்தைச் சேர்த்துக்கொண்டான். தொல்காப்பியர் குலத்தை அங்கே சேர்க்கவில்லை, கல்வியைச் சேர்த்தார். இதை ஹாஜியாரிடம் கூறியபோது, அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டு, "அந்த நாலையும் எழுதித் தாருங்கள் மாஸ்டர்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று அவர் கூறியவற்றுள் என் நெஞ்சை விட்டு நீங்காதது மூன்றாவதாக ஒரு வேர். நினைவு, கற்பனை, மனத்தில் தோன்றும் உருவம் ஆகியவற்றைக் குறிக்கும் கயால் என்ற சொல் அதிலிருந்து வந்தது. இந்துஸ்தானி இசையில் கயால் பாடுவதைக் கேட்டிருப்போருக்கு இச்சொல் புதிதன்று. குதிரைகளுக்குப் பெயரும் அவ்வேரிலிருந்தே வருகிறது. அதனைத் தமிழில் கயல் என்று எழுதினால் மீனாகிவிடும். கைல் என்று வைத்துக்கொள்வோம். செருக்குக்குப் பெயராகிய குயலா என்பதும், இறுமாந்து நடப்பவனைக் குறிக்கும் முக்தால் என்பதும் அவ்வேரே. கற்பனை, குதிரை, செருக்கு! எங்கே பொருந்துகின்றன இவை?

பஸ்ரா நகரில் வாழ்ந்த அபூ அம்ர் என்னும் இலக்கண ஆசிரியரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. குர்ஆன் ஓதல் முறையில் புகழ்பெற்ற எழுவருள் ஒருவர் அவர், எட்டாம் நூற்றாண்டினர். குதிரைக்கு அப்பெயர் வந்தது எதனால் என்று ஒருவர் வினவ, அவருக்கு விடை தெரியவில்லை. அவ்வழியே பாலைவன நாடோடி ஒருவன் வந்தான். கேட்டவர் அவனை வினவ முற்பட, அபூ அம்ர் தடுத்து, கேட்கும் முறை தமக்குத்தான் தெரியும் என்று தாமே வினவினார். செயலிலிருந்து பெயர் வந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அவன் தன் வழியே போனான். கூடியிருந்தோருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குதிரை நடக்கும்போது தன்னைத் தானே மெச்சி நடக்கிறதே, அந்த நடையைத்தான் அவன் சுட்டினான் என்று அபூ அம்ர் விளக்கினாராம். தெரியாததை நாடோடியிடம் கேட்டறிந்த அந்தப் பேராசிரியரின் கதையை ஹாஜியார் எனக்கு ஏன் சொன்னார் என்பதை நான் அப்போதே புரிந்துகொண்டேன். அவர் அதை அறியாதவர் போலக் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்கு அக்கதையினும் பெரிதாகத் தோன்றியது வேறொன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும்: ஒருத்தி தன்னைப் பெரிதாக நினைத்துக்கொண்டால் "அவளுக்குச் சரியான எண்ணம்" என்பார்கள். ஒருவன் பகட்டித் திரிந்தால் "அவனுடைய நடப்பைப் பார்" என்பார்கள். எண்ணம் என்பது நினைவு. நடப்பு என்பது நடை. இரண்டும் நம் பேச்சில் செருக்கின் பெயர்களாக ஆகியிருக்கின்றன. அரபுக்காரன் ஒரே வேரில் அடக்கிய கயாலையும் குதிரை நடையையும் நம் ஊர்க் கிணற்றடிப் பேச்சு இரண்டு சொற்களாக வைத்திருக்கிறது! ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் பெற்றதாக நான் கூறவில்லை. தன்னைப் பற்றி மனத்தில் ஒரு படம் எழுதிக்கொண்டவனுக்குக் கால் தானாகவே வேறு விதமாக நடக்கும் என்பதை இரு சாராரும் தனித்தனியே கண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது ஹாஜியார் பெருமகிழ்ச்சி அடைந்தார். "இதை ஓதும்போது எனக்கு இவ்வளவு விளங்கவில்லை" என்றார். வந்த காரியத்தை அவர் மறந்த நேரம் அதுவே.

பெருமைச் சொற்களுள் மூத்தது கிப்ர். பெரிய, மிகப்பெரிய என்னும் பொருளுடைய கபீர், அக்பர் என்பனவும் இவ்வேரின. முதுமைக்கும் இவ்வேரிலிருந்து ஒரு பெயர் உண்டு. தொழுகையில் இறைவனின் பெருமையைக் கூறும் தக்பீரும் இதுவே. ஐந்து வேளையும் பள்ளிவாசலிலிருந்து காதில் விழும் சொல்லும், இப்லீசை வீழ்த்திய குற்றத்தின் பெயரும் ஒரே மூன்று மெய்களால் ஆனவை. இங்கே மாணவர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. முதகப்பிர் என்பது மனிதனுக்கு வசை. குர்ஆனின் 59ஆம் அத்தியாயத்திலோ அது இறைவனின் திருநாமங்களுள் ஒன்று. ஒரே சொல் எவ்வாறு வசையும் துதியும் ஆகும்?

விடை சொல்லின் வாய்பாட்டில் இருக்கிறது. அச்சொல் அமைந்துள்ள வாய்பாடு, ஒரு தன்மையைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளுதல் என்னும் குறிப்பைப் பல சொற்களில் தரும். பெருமை தன்னிடத்தில் இல்லாதவன் அதனை ஏற்றிக்கொள்ளும்போது சுமந்து நடிக்கிறான். மெய்யாகவே உடையவனிடத்தில் அந்த நடிப்புக் குறிப்புக்கு இடமில்லை என்பர் உரையாசிரியர்கள். இன்னொரு வாய்பாட்டில் இஸ்திக்பார் என்று ஆகும்போது, பெரியவனாகத் தேடுதல் என்ற குறிப்பு வருகிறது. இப்லீசைப் பற்றிக் கூறுமிடத்தில் குர்ஆன் ஆள்வது இந்தத் தேடலைத்தான். நம் பெருமை என்னும் சொல்லும் இப்படி இரட்டை வேடம் பூண்டதே. திருக்குறளில் அது ஓர் அதிகாரத்தின் தலைப்பு. அதே சொல்லோடு 'அடித்தல்' சேர்ந்தால் ஊர் சிரிக்கிறது. அரபு வேரை மாற்றாமல் வாய்பாட்டை மாற்றுகிறது; தமிழ் சொல்லை மாற்றாமல் துணைவினையை மாற்றுகிறது.

கிப்ருக்கும் உஜ்புக்கும் இமாம் கஸ்ஸாலி கண்ட வேற்றுமை ஒன்றையும் இங்கே குறிப்பிடல் தகும். 1111இல் மறைந்த அப்பெரியார், கிப்ர் தோன்றுவதற்கு இன்னொரு மனிதன் வேண்டும், அவனுக்கு மேலே தன்னை வைத்துப் பார்ப்பதே அது என்றார். உஜ்புக்கு எவரும் வேண்டியதில்லை. உலகில் ஒருவனே தனித்திருந்தாலும் தன்னை வியந்துகொண்டிருக்கலாம். வகுப்பறையில் நாற்பது பேர் நடுவே நான் செய்தது எது என்பதை வகைப்படுத்த எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

ஆனால் வேரைத் தேடுவோர் ஒன்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும். தீக்குச்சிக்கும் கந்தகத்துக்கும் அரபில் கிப்ரீத் என்று பெயர். கிப்ருக்கு உடன்பிறப்புப் போலத் தோன்றும் இது அக்காடியத்தின் பழஞ்சொல், இரண்டுக்கும் தொடர்பில்லை. செருக்குத் தீப்பற்றும் என்று ஒருவர் மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும், சொல்லாராய்ச்சி கிடைக்காது.

மற்றவற்றைச் சுருங்கக் கூறுகிறேன். மலை ஓங்கி நிற்பதைச் சொல்லும் வினையே மூக்கை உயர்த்தும் மனிதனுக்கும் ஆகிறது. ஒட்டகத்தின் கழுத்தை ஒருபுறமாகக் கோணச் செய்யும் நோயின் பெயர், பிறரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்பவனுக்கும் ஆகிறது. லுக்மான் என்னும் ஞானி தம் மகனுக்குக் கூறிய புத்தியில் இது வருகிறது. வெள்ளம் கரை கடந்ததற்கும் கொடுங்கோலன் வரம்பு கடந்ததற்கும் ஒரே வினை. மிகுதியாக முழங்கிச் சிறிதே பொழியும் மேகம், வாய்ப்பந்தல் போடுபவனோடு ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்கிறது. வழி தவறி அலைவதும் செருக்குறுவதும் தீஹ் என்னும் ஒரு சொல்லில் அடங்கும். நமக்குத் தலைக்கனம் உண்டு. அவர்களுக்கு மூக்கும் கழுத்தும்.

உயர்வைக் குறிக்கும் வேர் ஒன்றை மாத்திரம் இப்படிக் கடந்துவிட மனம் வரவில்லை. அலி என்ற பெயரும், இறைவன் பெயரோடு ஒட்டி நம் முஸ்லிம் மக்கள் வழங்கும் தஆலா என்பதும், மிக உயர்ந்த எனப் பொருள்படும் அஃலா என்பதும் அதன் கிளைகள். பிர்அவுன் மன்னன் பூமியில் தன்னை உயர்த்திக்கொண்டான் என்பதும் அவ்வேரால்தான் சொல்லப்படுகிறது. நானே உங்கள் மிக உயர்ந்த அதிபதி என்று அவன் தன்னைக் குறித்துச் சொன்ன அதே அஃலாவைத் தொழுபவர் எப்போது சொல்கிறார் தெரியுமா? நிற்கும்போதன்று, குனியும்போதுமன்று. நெற்றியையும் மூக்கையும் நிலத்தில் வைத்து, உடல் மிகத் தாழ்ந்திருக்கும் நிலையில், இறைவனைக் குறித்து அதனைச் சொல்கிறார். இதைக் கூறிவிட்டு ஹாஜியார் தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

இச்சொற்களெல்லாம் தமிழுக்கு வரும்போது என்ன ஆகின்றன? இதுவே ஆசிரியர்கள் கருத வேண்டியது. கிப்ரின் ககரம் ஒன்று. பெருமையாகிய பக்ரின் ககரம் வேறு. வறுமையாகிய பக்ரின் ககரம் இன்னும் வேறு. ஏமாற்றுதலைக் குறித்து நின்று, உருதுவுக்குப் போனபின் கர்வம் என்று பொருள் திரிந்த குரூரின் ககரம் நான்காவது. தமிழெழுத்தில் நான்கும் ஒரே க. சூஃபியரிடையே நபிகள் நாயகத்தின் வாக்காக வழங்கி, ஹதீஸ் அறிஞர்களால் ஆதாரமற்றதென்று தள்ளப்பட்ட ஒரு கூற்று உண்டு. வறுமையே தமக்குப் பெருமை என்பது அதன் கருத்து. அரபில் இரு சொற்களும் ஓரெழுத்தால் வேறுபட்டு அருகருகே நிற்கும் அழகுக்காகவே அது வாழ்கிறது. தமிழில் எழுதினால் பக்ரே பக்ர் என்றாகி, வறுமையும் பெருமையும் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். தமிழையே அரபு எழுத்தில், தமிழுக்குரிய ஒலிகளுக்குச் சில எழுத்துகளைப் புதிதாக அமைத்து எழுதிய அரபுத் தமிழ் அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் பெருநூல்கள் இயற்றினர். இலங்கையிலும் அவை விரும்பி ஓதப்பட்டன. அந்நூல்களில் ஒரு பக்ரை மற்றதாக மயங்க இடமே இல்லை. இன்று அவற்றை வாசிக்கத் தெரிந்தோர் அருகிவிட்டனர். அதற்காகத் தமிழ் நெடுங்கணக்கில் புதிய ககரங்களைச் சேர்க்க வேண்டுமென வாதிடுவோர் கட்சியில் நான் இல்லை. வந்த சொல்லைத் தன் ஒலிக்கு இணக்கிக்கொள்ளுதல் எம்மொழிக்கும் உரிமை. வடசொல்லுக்குத் தொல்காப்பியர் வகுத்த நெறியும் அதுவே. ஆனால் எழுத்து மறைத்ததை ஆசிரியராவது அறிந்திருக்க வேண்டாமா? வகுப்பில் அறிந்தவன் ஒருவன் எழுந்து சொல்லும்போது கேட்கவாவது வேண்டாமா?

இருட்டிவிட்டது. கடைசியாக ஹாஜியார், "பேரனுக்கு என்ன சொல்ல மாஸ்டர்?" என்று கேட்டார். "நானே சொல்கிறேன்" என்றேன்.

அடுத்த பாடத்தில் அவனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். தயங்கித் தயங்கி வந்தான். முன்னர் நான் சொன்னது பிழை, அவன் சொன்னதே சரி என்று வகுப்புக்கு அறிவித்து, வெண்கட்டியை அவன் கையில் கொடுத்தேன். இரண்டு சொற்களையும் வலமிருந்து இடமாக எழுதினான். பாட்டனாரின் எழுத்தைப் போலவே இருந்தது. பின்பு ஒவ்வொருவராக எழுந்து அந்தச் செருமல் ஒலியைச் சொல்லிப் பார்த்தோம். எனக்குத்தான் கடைசிவரை வரவில்லை. பாடம் முடிந்து வெளியேறும்போது பலகையை நான் துடைக்கவில்லை. அடுத்து வந்த கணித ஆசிரியர் துடைத்திருப்பார்.